ஓடும் குசினியில் காஸ் அடுப்பு

சாவகச்சேரி வீடுகளுக்குக் காஸ் அடுப்பு புதிதல்ல. விடியற்காலைத் தேத்தண்ணிக்குப் பற்றவைத்து, இரவு பால் காய்ச்சிய பிறகு அணைக்கிறவர்களுக்கு அதில் பயம் எதுவும் மிச்சமில்லை. ஆனால் அதே அடுப்பையும் ஒரு சின்னச் சிலிண்டரையும் வானில் ஏற்றிக்கொண்டு, கண்டி வீதியால் நுவரெலியாவுக்குப் போய், போகிற வழியில் சமைத்து, இரவில் வானுக்குள்ளேயே படுக்கப் போகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். "காஸை வாகனத்துக்குள்ள வைச்சுக்கொண்டோ படுக்கப் போறியள்?" என்று வீட்டில் யாராவது ஒரு பெரியவர் கட்டாயம் கேட்பார். ஏன் கூடாது என்று அவருக்கு விளக்கத் தெரியாது. ஏன் பயமில்லை என்று நமக்கும் விளக்கத் தெரியாது.

அடுப்பு அதேதான். சிலிண்டர் அதேதான். சமைக்கிற கையும் அதேதான். பிறகு எது மாறிவிட்டது?

இந்தக் கேள்வி இன்று பலருக்கு உதவும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் கரவன் வாகனங்களில் பழகியவர்கள் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது இங்கேயும் அப்படி ஒரு பயணம் போக ஆசைப்படுகிறார்கள். தெற்கிலிருந்து நயினாதீவுக்கு யாத்திரை வரும் பஸ்களில் அண்டாவும் அடுப்பும் கூடவே வருகின்றன. உணவு விற்கும் வாகனங்களில் அடுப்பு நாள் முழுவதும் எரிகிறது. எல்லாவற்றுக்கும் பொதுவானது, சக்கரத்தின் மேல் ஒரு குசினி.

மாறியது அறை

ஒரு யாழ்ப்பாணத்துக் குசினியை எடுத்துக்கொள்வோம். நீளம் மூன்றரை மீற்றர், அகலமும் உயரமும் மும்மூன்று மீற்றர் என்றால், உள்ளே இருக்கும் காற்று 31.5 கனமீற்றர். புகைக்கூடு இருக்கிறது, யன்னல் இருக்கிறது, கதவுக்குக் கீழே இடைவெளி இருக்கிறது, பழைய வீடென்றால் ஓட்டுக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே வெளியும் இருக்கிறது. யாரும் கவனிக்காமலே காற்று வந்து போய்க்கொண்டிருக்கும்.

உயரக் கூரை வைத்த ஒரு வானுக்குள் தரை 5 சதுரமீற்றர், உயரம் 2 மீற்றர் என்று வைப்போம். மொத்தம் 10 கனமீற்றர். குசினியில் மூன்றில் ஒரு பங்குதான். மழையும் தூசியும் புகாதபடி கதவுகளுக்கு றப்பர் பட்டி ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே மெத்தை, திரைச்சீலை, உடுப்புப் பைகள், ஆட்கள். இந்த அத்தியாயம் முழுவதும் இந்த 10 கனமீற்றர் வானையே உதாரணமாக வைத்துக் கணக்குப் பார்ப்போம். அதற்குள் 2.3 கிலோகிராம் சிலிண்டர் ஒன்றும், ஒற்றை அடுப்பு ஒன்றும் இருக்கின்றன.

கசிந்த காஸ் எங்கே போகிறது?

நாம் வாங்கும் காஸ், புரொப்பேன், பியூற்றேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. அமுக்கத்தால் திரவமாக்கிச் சிலிண்டரில் அடைப்பதால் அதற்குத் திரவப் பெற்றோலிய வாயு என்று பெயர். வெளியே வந்ததும் திரவம் வாயுவாகிவிடும். ஒரு லீற்றர் திரவத்திலிருந்து ஏறத்தாழ 250 லீற்றர் வாயு கிடைக்கும். நிறையில் சொன்னால், ஒரு கிலோகிராம் காஸ் கிட்டத்தட்ட 500 லீற்றர், அதாவது அரைக் கனமீற்றர்.

இந்த வாயுக்கள் காற்றை விடக் கனமானவை. புரொப்பேன் ஒன்றரை மடங்கு, பியூற்றேன் இரண்டு மடங்கு. ஆகவே கசிந்த காஸ் கூரைக்கு ஏறாது. தரையில் ஊற்றிய தண்ணீர் பள்ளம் தேடி ஓடித் தேங்குவதுபோல, கீழே இறங்கி இருக்கைகளுக்கு அடியிலும் பெட்டிகளுக்குப் பின்னாலும் தேங்கும். குசினியில் கதவுக்குக் கீழுள்ள இடைவெளி அதை வெளியேற்றிவிடும். வானின் தரையோ நாலு பக்கமும் அடைத்த ஒரு தட்டம். கூரையில் காற்றுப்போக்கி பொருத்தியிருந்தாலும் அது இந்த வேலைக்கு உதவாது. காஸ் வெளியேறத் துளை கீழே இருக்க வேண்டும்.

நாற்பது கிராம்

காஸ் தானாக வெடிப்பதில்லை. காற்றோடு சரியான அளவில் கலந்தால்தான் பற்றும். அந்த அளவைத் தீப்பற்றும் எல்லை என்போம். காற்றில் காஸ் ஏறத்தாழ 2 சதவீதத்துக்குக் குறைந்தால் பற்றாது. 9 சதவீதத்துக்கு மேற்பட்டாலும், காற்றுப் போதாததால் பற்றாது. இரண்டுக்கும் இடையில் ஒரு பொறி போதும்.

இனி நமது வான். 10 கனமீற்றர் என்பது 10,000 லீற்றர். அதில் 2 சதவீதம் 200 லீற்றர். ஒரு கிலோ காஸ் 500 லீற்றர் என்பதால், 200 லீற்றருக்கு 400 கிராம் போதும். சின்னச் சிலிண்டரில் இருப்பது 2,300 கிராம். கணக்கின்படி அந்த ஒரு சிலிண்டரால் இப்படிப்பட்ட ஐந்து வான்களைத் தீப்பற்றும் நிலைக்குக் கொண்டுவர முடியும்.

ஆனால் காஸ் வான் முழுவதும் சமமாகப் பரவும் என்று எடுத்ததால் இந்தக் கணக்கு நமக்குச் சாதகமாகிவிட்டது. உண்மையில் அது கீழே தேங்கும். தரையிலிருந்து ஒரு சாண் உயரம், 20 சென்ரிமீற்றர் என்று வைப்போம். 5 சதுரமீற்றர் தரைக்கு மேல் அந்த அடுக்கின் கொள்ளளவு ஒரு கனமீற்றர், அதாவது 1,000 லீற்றர். அதில் 2 சதவீதம் 20 லீற்றர். நிறை 40 கிராம்.

40 கிராம் காஸ் எவ்வளவு நேரத்தில் வெளியேறும்? நடுத்தர அளவான ஒரு அடுப்பு முழுத்தீயில் மணிக்கு 150 கிராம் அளவில் எரிக்கும். தீ அணைந்து திருகு மட்டும் திறந்திருந்தால் அதே 150 கிராம் எரியாமலே வெளியே வரும். கால் மணி நேரத்தில் கிட்டத்தட்ட 40 கிராம். பால் பொங்கித் தீ அணைந்ததைக் கவனிக்காமல், வெளியே போய் ஒருவர் தொலைபேசியில் கதைத்துவிட்டு வரும் நேரம் அது.

அப்படித் திரும்பி வருகிறவர் கதவைத் திறந்ததும் என்ன நடக்கும்? பல வாகனங்களில் கதவு திறந்தால் உள்விளக்கு தானாக எரியும். அந்த ஆளியில் ஒரு சின்னப் பொறி எழலாம். குளிர்ப்பெட்டியின் மின்தொடுகை, இயந்திரத்தைத் தொடக்கும் மோட்டர், காற்றாடியின் ஆளி என்று வாகனத்துக்குள் பொறி எழும் இடங்கள் பல, அவற்றில் சில தரைமட்டத்திலேயே இருக்கின்றன. முற்றாக மூடிய ஒரு பெட்டிக்குள் காஸும் காற்றும் எரிந்தால் அமுக்கம் எட்டு மடங்கு வரை ஏறும். வானின் கண்ணாடிகளும் கதவுகளும் அதற்கு வெகு முன்பே பிய்ந்து போய்விடும்.

மூக்கு எவ்வளவு தூரம் காக்கும்?

சுத்தமான புரொப்பேனுக்கும் பியூற்றேனுக்கும் குறிப்பிடத்தக்க மணம் இல்லை. நாம் முகரும் நாற்றம் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது. எத்தில் மேர்கப்தன் என்ற கந்தகச் சேர்மத்தை மிகச் சிறு அளவில் கலக்கிறார்கள். இந்தப் பழக்கத்தைக் கட்டாயமாக்கியது ஒரு பெருந்துயரம். 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பாடசாலைக்கு அடியில், மணமில்லாத இயற்கை வாயு யாருக்கும் தெரியாமல் தேங்கி வெடித்தது. கிட்டத்தட்ட 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அதன் பிறகே நாற்றம் சேர்ப்பது சட்டமானது.

தீப்பற்றும் கீழெல்லையின் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது காற்றில் 0.4 சதவீதத்தை எட்டும்போதே மணக்க வேண்டும் என்பது பொதுவான நியமம். விழித்திருப்பவருக்கு அது நல்ல அவகாசம். ஆனால் நின்றுகொண்டிருப்பவரின் மூக்கு ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காஸ் கணுக்காலில் இருக்கிறது. நெடுநேரம் அதே இடத்தில் இருப்பவரின் மூக்குக்கு நாற்றம் பழகி உறைக்காமல் போய்விடும். நித்திரையில் இருப்பவரை மணம் எழுப்பும் என்று நம்பவே முடியாது. அதனால்தான் வீட்டு வாகனங்களில் காஸ் உணர்கருவி ஒன்றைத் தரைக்குச் சற்று மேலே பொருத்துகிறார்கள்.

ஒழுங்காக எரிந்தாலும் ஒரு சிக்கல்

கசிவே இல்லை, தீ நீலமாக எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கணக்கு முடியவில்லை. மணிக்கு 150 கிராம் காஸ் எரிய ஏறத்தாழ 2 கனமீற்றர் காற்றிலுள்ள ஒட்சிசன் முழுவதும் வேண்டும். வெளிக்காற்று துளியும் வராதபடி நமது வானை மூடியிருந்தால், ஒரு மணி நேரத்தில் ஒட்சிசன் 21 சதவீதத்திலிருந்து 17க்குக் கீழே இறங்கும். எந்த வானும் அவ்வளவு இறுக்கமானதல்ல. ஆனாலும் அடுப்பும் நாலு பேரின் மூச்சும் சேரும்போது திசை அதுதான்.

ஒட்சிசன் குறையும்போது எரியும் விதமே மாறுகிறது. போதிய ஒட்சிசன் இருந்தால் காபனீரொட்சைட்டும் நீராவியும் மட்டும் வரும். இது பூரண தகனம். போதாவிட்டால் காபன் அரைவாசி எரிந்து காபனோரொட்சைட்டாக நின்றுவிடும், இது குறைதகனம். தீ மஞ்சளாவதும் சட்டியின் அடியில் கரி பிடிப்பதும் அதன் அடையாளங்கள். காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணை எரிக்காது. குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினோடு அது ஒட்சிசனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிணைந்துகொள்ளும். முதலில் தலையிடி, பிறகு தலைச்சுற்று, குமட்டல். நீண்ட பயணத்தின் களைப்பென்று நினைத்து ஒருவர் படுத்துவிட்டால், எழும்பிப் போய்க் கதவைத் திறக்கும் தெம்பு பிறகு இராது.

கேரளத்தின் வடகரையில் நடந்தது இதற்குச் சாட்சி. 2024 டிசம்பரில், வீதியோரம் நின்ற ஒரு கரவனுக்குள் இரண்டு பணியாளர்கள் இறந்து கிடந்தார்கள். அங்கே குற்றவாளி அடுப்பு அல்ல, மின்பிறப்பாக்கி. கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழக நிபுணர்கள் அதே வாகனத்தில் மின்பிறப்பாக்கியை ஓடவிட்டு அளந்தபோது, தளத்திலிருந்த ஒரு துளை வழியே புகை உள்ளே வந்து, இரண்டு மணி நேரத்தில் காபனோரொட்சைட்டு பத்து இலட்சத்துக்கு 957 பங்கு வரை ஏறியது. காற்றில் ஒரு சதவீதத்தின் பத்தில் ஒரு பங்கைக் கூட அது எட்டவில்லை.

தளத்தில் துளை இருக்க வேண்டும் என்று சற்று முன்பு சொன்னோம். இங்கே ஒரு துளையே உயிரைக் குடித்திருக்கிறது. முரண்பாடு எதுவும் இல்லை. காஸ் வெளியேறும் துளைக்கு அருகில் இயந்திரத்தின் புகைக்குழாயோ மின்பிறப்பாக்கியோ இருக்கக் கூடாது என்பதே இதன் பாடம். காபனோரொட்சைட்டு காற்றின் கனத்தையே ஏறத்தாழக் கொண்டது, ஆதலால் எங்கும் பரவும். அதற்குரிய உணர்கருவி படுக்கை உயரத்தில், மூச்சு விடும் மட்டத்தில் இருக்க வேண்டும். காஸுக்குத் தரையில் ஒன்று, காபனோரொட்சைட்டுக்குப் படுக்கையருகே ஒன்று. ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது.

நுவரெலியாவில் இந்த ஆபத்து இரட்டிப்பாகிறது. சாவகச்சேரி வெயிலில் பழகிய உடம்புக்கு அந்தக் குளிர் தாங்காது. யன்னல் எல்லாவற்றையும் சாத்தி, அடுப்பைச் சற்று நேரம் எரியவிட்டால் கதகதப்பாக இருக்கும் என்று தோன்றும். சமைக்கும்போது பதினைந்து நிமிடம் எரியும் அடுப்பு, கணப்பாகும்போது மணிக்கணக்கில் எரிகிறது, அதுவும் காற்றுவழி எல்லாம் அடைத்த பிறகு. குளிருக்குக் கம்பளியே மருந்து.

வெயிலில் நிற்கும் சிலிண்டர்

மூன்றாவது ஆபத்து சிலிண்டருக்குள்ளேயே இருக்கிறது. 2021 நவம்பரில் இலங்கை முழுவதும் காஸ் அடுப்புகளும் இணைப்புக் குழாய்களும் அடுத்தடுத்து வெடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பேராசிரியர் சாந்த வல்பொல தலைமையில் அமைக்கப்பட்ட குழு, காஸ் கலவையின் விகிதம் மாறியதையே முக்கிய காரணமாகச் சொன்னது. 80 பங்கு பியூற்றேன், 20 பங்கு புரொப்பேன் என்றிருந்தது சரிபாதி வரை மாறியது என்பது அன்றைய குற்றச்சாட்டு.

விகிதம் மாறினால் என்ன? 30 பாகை செல்சியசில் தனிப் பியூற்றேனின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு. தனிப் புரொப்பேனுக்குப் பத்து மடங்குக்கு மேல். கலவையில் புரொப்பேன் 20இலிருந்து 50 ஆகும்போது சிலிண்டரின் அமுக்கம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. தேய்ந்த ரெகுலேற்றரும் தளர்ந்த குழாயும் அதுவரை தாங்கிவந்ததை இனித் தாங்காது. கனடாக் குளிரில் சுத்தப் புரொப்பேனே பயன்படுவதற்கும் இதுவே காரணம்: பியூற்றேன் பூச்சியப் பாகைக்குக் கீழே வாயுவாக மாட்டாது. அங்கே பழகியவர் அந்த ரெகுலேற்றரையோ குழாயையோ பெட்டியில் கொண்டுவந்து இங்குள்ள சிலிண்டரில் மாட்டிப் பார்க்கக் கூடாது.

வெப்பம் ஏறினால் அமுக்கமும் ஏறும். பங்குனி, சித்திரை வெயிலில் பூட்டி நிற்கும் வானுக்குள் 50 பாகை என்பது சாதாரணம். 30இலிருந்து 50க்கு ஏறும்போது அமுக்கம் இன்னும் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும். கூடவே திரவமும் விரியும். அதற்காகவே சிலிண்டரை முழுவதும் நிரப்பாமல், மேலே ஐந்தில் ஒரு பங்களவு வெற்றிடம் விடுகிறார்கள். பெரிய சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து, குழாய் மாட்டி, சின்னச் சிலிண்டரில் காஸ் இறக்குகிறவர்கள் சில இடங்களில் உண்டு. அந்த வெற்றிடம் எவ்வளவு மிஞ்சியது என்று அவர்களால் அறிய முடியாது. வெற்றிடம் இல்லாமல் நிரம்பிய சிலிண்டர் வெயிலில் சூடானால், திரவம் விரிய இடமின்றி இரும்பையே தள்ளும்.

சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து நிற்க வேண்டியதற்கும் ஒரு காரணம் உண்டு. நிமிர்ந்திருந்தால் மேலே வாயு, கீழே திரவம். ரெகுலேற்றருக்கு வாயு மட்டும் போகும். சாய்ந்தால் திரவமே வாயிலுக்கு வந்து, ஒரு லீற்றருக்கு 250 லீற்றராக விரியும். சிலிண்டருக்குள் வளிமண்டலத்தைப் போலப் பல மடங்கு இருக்கும் அமுக்கத்தை, 30 சென்ரிமீற்றர் உயரத் தண்ணீர் தரும் அமுக்கமாகத் தணித்து அடுப்புக்கு அனுப்புவதே ரெகுலேற்றரின் தொழில். திரவத்தை அது கையாளாது.

மதுரையில் நின்ற பெட்டி

2023 ஆகஸ்ட் 26 அதிகாலை. உத்தரப் பிரதேசத்தின் லக்னோவிலிருந்து வந்த யாத்திரிகர்களின் தனி ரயில் பெட்டி, மதுரை நிலையத்துக்கு அருகே தனியாகக் கழற்றி நிறுத்தப்பட்டிருந்தது. ரயிலில் கொண்டுபோகத் தடை செய்யப்பட்ட காஸ் சிலிண்டரை அவர்கள் ஒளித்து வைத்திருந்தார்கள். தேநீர் போட அதைப் பற்றவைத்தபோது தீ பரவி ஒன்பது பேர் இறந்தார்கள்.

பெட்டி ஓடவில்லை, அசையாமல் நின்றது. ஆகவே இந்த ஆபத்தை ஓட்டத்தின் மேல் போட முடியாது. ஒடுங்கிய நடைபாதையும் நித்திரையில் இருந்தவர்களும் எரியக்கூடிய பொருட்களும் ஒரே குழாய் போன்ற இடத்தில் இருந்தன. அடுப்பு வாசலுக்கும் மனிதருக்கும் நடுவே இருந்தால், தீ சிறிதாக இருக்கும்போதே வழி அடைபட்டுவிடும்.

சமைக்கும் ஒழுங்கு

இனி நடைமுறை. மேலே பார்த்த ஆபத்துகளில் முதல் இரண்டுக்கும் சேர்த்து ஒரே நல்ல மருந்து, வெளியே இறங்கிச் சமைப்பது. மர நிழலில், வானிலிருந்து சில மீற்றர் தள்ளி, காற்றுக்கு ஒரு மறைப்பு வைத்தால் 10 கனமீற்றர் கணக்கே பொருந்தாது.

மழை வந்து உள்ளேதான் சமைக்க வேண்டும் என்றால், எதிரெதிரான இரண்டு வழிகளைத் திறந்து வையுங்கள். ஒன்று தாழ்வாக இருக்கட்டும். பக்கக் கதவு தரை வரை திறப்பதால் அதுவே நல்லது. திறந்த யன்னல் காற்றில் தீ அணையலாம் என்பதால், தீ அணைந்தவுடன் காஸைத் தானே நிறுத்தும் பாதுகாப்பு உள்ள அடுப்பை வாங்குங்கள். அடுப்பின் வாயில் நிற்கும் ஒரு சின்ன உலோக முனை சூட்டை உணர்ந்து, சூடு போனால் வழியை அடைத்துவிடும். கால் மணி நேரத்தில் 40 கிராம் என்ற கணக்கை முறிப்பது அந்த முனைதான். அடுப்பு எரியும் நேரம் அதைவிட்டு யாரும் போகக் கூடாது.

சிலிண்டரை நிமிர்த்தி, பட்டியால் கட்டி, ஆட்கள் இருக்கும் பகுதியோடு தொடர்பில்லாத பெட்டிக்குள் வையுங்கள். பெட்டியின் கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். அடியில் வெளியே போகும் துளை இருக்க வேண்டும். ஓடுவதற்கு முன் சிலிண்டரின் வாயிலிலேயே மூடுங்கள்; அடுப்பின் திருகை மட்டும் மூடுவது போதாது. வீதிக் குலுக்கலில் இணைப்புகள் தளரும். ஆகவே ஒவ்வொரு பயணத்தின் பின்பும் சவர்க்கார நுரையைப் பூசி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். நெருப்புக்குச்சியால் ஒருபோதும் பார்க்காதீர்கள். வெடிப்பு விழுந்த றப்பர் குழாயை ஒட்டிப் பாவிக்க வேண்டாம், புதிது வாங்குங்கள்.

காஸ் மணந்தால் ஆளி எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இயந்திரத்தைத் தொடக்க வேண்டாம். கைக்கு எட்டினால் சிலிண்டரை மூடி, கதவுகளை அகலத் திறந்து, எல்லாரும் இறங்கித் தள்ளி நில்லுங்கள். யாருக்காவது தலையிடியும் குமட்டலும் சேர்ந்து வந்தால் முதலில் அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, பிறகு 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். உலர்தூள் தீயணைப்பான் வாசலோரத்தில் இருக்கட்டும். அடுப்புக்குப் பின்னால் மாட்டினால் தீயைத் தாண்டித்தான் அதை எடுக்க வேண்டும்.

வானை வீடாக மாற்றித் தருகிறவரிடமோ, கரவனை வாடகைக்கு விடுகிறவரிடமோ பேசும்போது அடுப்பின் விலையையும் அழகையும் விசாரிக்க முன் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "கசிஞ்ச காஸ் இந்த வாகனத்தில எந்த வழியால வெளியில போகும்?" தரையில் ஒரு துளையைத் தொட்டுக் காட்டி, புகைக்குழாய் அதற்கு எதிர்ப்பக்கம் இருப்பதையும் காட்டினால் மேற்கொண்டு பேசலாம். கூரையைக் காட்டினால் வேறு வாகனம் பாருங்கள்.